தலைநகரங்களின் கதை – 17: மேடுகளின் ஊர்

கொரியத் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில், மலைகள் சூழ்ந்த ஒரு சிறு சமவெளியில் இருக்கிறது கியோங்ஜு. சியோலிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம். துறைமுக நகரமான பூசானிலிருந்து அரை மணி நேரம். காலையில் இறங்கி, இரவு ரயிலைப் பிடித்துத் திரும்பும் கணக்கில்தான் பலரும் வருகிறார்கள். சென்ற வாரம் ஜப்பானின் நாராவில் இருந்தோம். இந்த வாரம் கடல் தாண்டி மேற்கே வந்து, அதே கணக்கில் இங்கே ஒரு பகலைக் கழிப்போம்.

ஒரு பகலில் பார்த்துவிடக்கூடிய ஊர்தான். ஆனால் சில்லா அரசு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இந்த ஓர் ஊரைத் தவிர வேறெதையும் தலைநகராகக் கொண்டதில்லை. மரபுக் கணக்குப்படி கி.மு. 57இல் தொடங்கி கி.பி. 935 வரை 56 பேர் இங்கிருந்து ஆண்டார்கள். நடுவில் 689இல் சின்முன் என்ற மன்னர், இன்றைய தேகு நகரம் இருக்கும் இடத்துக்குத் தலைநகரை மாற்ற முயன்றார். நடக்கவில்லை. பிரபுக்கள் ஊரை விட்டு நகரச் சம்மதிக்கவில்லை என்பதே வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணம். அந்தப் பிரபுக்களின் பிடிவாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும்போது தேவைப்படும்.

கொரியாவின் பழைய மூன்று அரசுகளில் சில்லா எல்லாவற்றிலும் கடைசி. வடக்கே கோகுர்யோ, மேற்கே பெக்ஜே. சீனத்தோடு நேரடித் தொடர்பு வைத்திருந்த அந்த இரண்டுக்கும் எழுத்து, சமயம், ஆட்சிமுறை எல்லாம் முன்னதாகவே வந்து சேர்ந்தன. கோகுர்யோ 372இல் பௌத்தத்தை ஏற்றது, பெக்ஜே 384இல். சில்லா 527 வரை காத்திருந்தது. அதுவும் இச்சாதொன் என்ற அரசவை அதிகாரி தன் தலையையே கொடுத்த பிறகு. வெட்டுண்ட கழுத்திலிருந்து வெள்ளை ரத்தம் பீறிட்டதைக் கண்டு எதிர்த்த பிரபுக்கள் அடங்கினார்கள் என்கிறது மரபு. இப்படிப் பின்தங்கிக் கிடந்த நாடுதான் கடைசியில் மற்ற இரண்டையும் வீழ்த்தி, தீபகற்பத்தின் பெரும்பகுதியைத் தன் கீழ்க் கொண்டுவந்தது. போர்க்களங்களில் மட்டும் இதற்கான காரணத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி இந்த ஊரின் மண்ணுக்குள் இருந்தது.

பேருந்து ஊருக்குள் நுழையும்போதே மேடுகள் கண்ணில் படத் தொடங்கிவிடும். கடைத்தெரு, பள்ளிக்கூடம், காபிக்கடை, அவற்றுக்குப் பின்னால் புல் போர்த்திய பெரிய மண்மேடுகள். அத்தனையும் கல்லறைகள். தேருங்வொன் என்ற பூங்காவுக்குள் மட்டும் 23 இருக்கின்றன. பெரும்பாலானவை ஐந்தாம் நூற்றாண்டையும் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. சில்லா போன பிறகு யார் எதற்குள் இருக்கிறார் என்பது மறந்துபோய், மேடுகளை ஒட்டியே மக்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

பூங்காவில் நாம் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய மேடு சொன்மாச்சொங், விண்குதிரைக் கல்லறை. 47 மீட்டர் விட்டம், 12.7 மீட்டர் உயரம். உட்புறத்தைக் குறுக்குவெட்டாகத் திறந்து வைத்திருப்பதால், கட்டிய விதம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். தரைமட்டத்தில் மரப்பலகைகளால் ஓர் அறை. உள்ளே சவப்பெட்டி, தலைமாட்டில் பொருள்கள் வைத்த பேழை. அந்த அறையின் மேல் ஆற்றில் உருண்டு மழுங்கிய கற்களைக் குவித்திருக்கிறார்கள். கற்களின் மேல் களிமண் பூச்சு. அதற்கும் மேல் மலையளவு மண். வாசல் கிடையாது, உள்ளே நுழையச் சுரங்கமும் கிடையாது. காலப்போக்கில் மரம் உளுத்துப்போகக் கற்கள் அப்படியே உள்ளே இறங்கி எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு திருட வருபவன் ஒரு கல்லை எடுத்தால் பத்துக் கல் சரியும். கோகுர்யோ, பெக்ஜே மன்னர்களின் கல்லறைகள் வாசல் வைத்துக் கட்டியவை. அவற்றில் பெரும்பாலானவை எப்போதோ கொள்ளை போய்விட்டன. சில்லாவின் செல்வம் மிஞ்சியதற்குக் காவலர்கள் காரணமல்லர், இந்தக் கற்குவியல்தான் காரணம்.

1970களின் தொடக்கத்தில் அதிபர் பார்க் சுங்-ஹீயின் அரசு கியோங்ஜுவைச் சுற்றுலா நகரமாக்கத் திட்டமிட்டது. ஊரிலேயே பெரிய மேடான ஹ்வாங்னாம் தேச்சொங்கைத் தோண்டச் சொன்னது. வடக்கு தெற்காக 120 மீட்டர் நீளும் இரட்டை மேடு அது. அவ்வளவு பெரிய அகழாய்வில் அனுபவமில்லாத தொல்லியலாளர்கள், முதலில் பக்கத்திலுள்ள சிறிய மேட்டில் கை பழகிக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கினார்கள். அந்தச் சிறிய மேட்டுக்கு அப்போது பெயரில்லை, 155 என்ற எண் மட்டும்தான். 1973 கோடையில் மழை பொய்த்தது. மன்னர் கல்லறையில் கைவைத்ததால் வந்த வினை என்று ஊரார் கொதித்தார்கள். ஜூலையில் அதே 155இலிருந்து பொற்கிரீடம் வெளிப்பட்டது. பிறகு, குதிரையின் விலாப்பக்கம் சேறு தெறிக்காமல் சேணத்திலிருந்து தொங்கவிடும் தட்டிகள் வந்தன. பூர்ச்ச மரத்தின் பட்டையை அடுக்கித் தைத்து, அதன்மேல் பாய்ந்தோடும் வெள்ளைக் குதிரையைத் தீட்டியிருந்தார்கள். சுமார் 1,500 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த மரப்பட்டையில் ஓவியம் அழியாமல் இருந்தது. கை பழக எடுத்த மேட்டிலிருந்து 11,000க்கும் அதிகமான பொருள்கள் கிடைத்தன.

அந்தக் கிரீடத்தைக் கியோங்ஜு தேசிய அருங்காட்சியகத்தில் நிதானமாகப் பாருங்கள். 32.5 சென்டிமீட்டர் உயரம். தகடாக அடித்த தங்கத்தை வெட்டிச் செய்த கிளைகள் நெற்றிப்பட்டையிலிருந்து எழுகின்றன. பின்பக்கம் மான்கொம்பு வடிவில் இரண்டு. எங்கும் முறுக்கிய பொற்கம்பிகளில் சிறு வட்டத் தகடுகளும், முந்திரிக்கொட்டைபோல் வளைந்த பச்சை ஜேடுக் கற்களும் கோத்திருக்கின்றன. லேசாக அசைந்தாலே அத்தனையும் நடுங்கும்படி கட்டியிருக்கிறார் பொற்கொல்லர். மரமும் மான்கொம்பும் வடக்கே வெகு தொலைவில், ஸ்டெப்பிப் புல்வெளி மக்களின் சடங்கு அணிகலன்களில் வரும் வடிவங்கள் என்று ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். இதுபோல் ஆறு சில்லாப் பொற்கிரீடங்கள் கிடைத்திருக்கின்றன. ஆறும் முதன்முறையாக ஒரே கூடத்தில் சேர்ந்தது 2025இல்தான்.

கிரீடத்தைவிட என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது ஒரு கண்ணாடிக் குடுவை. கை பழகிய பின் தோண்டிய ஹ்வாங்னாம் தேச்சொங்கில் கிடைத்தது அது. வெளிர்ப்பச்சைக் கண்ணாடி, பறவைத் தலையை நினைவூட்டும் வாய், நீலக் கைப்பிடி. ரோமானியக் கண்ணாடித் தொழில் மரபைச் சேர்ந்த பொருள், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தது. இதன் கைப்பிடி மண்ணுக்குள் போகும் முன்பே உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் தங்கக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி ஒட்டவைத்திருக்கிறார்கள். தங்கத்துக்குக் குறைவில்லாத ஊரில், ஓட்டைக் கண்ணாடிக்கு மருந்தாகத் தங்கம் செலவாகியிருக்கிறது. அந்தக் குடுவை எத்தனை கை மாறி, எந்தெந்தச் சந்தை வழியாக இங்கே வந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினால், உலகத்தின் ஓரத்தில் இருந்த சிறுநாடு என்ற எண்ணம் கரைந்துபோகும்.

சில்லாக் கல்லறைகளில் குவியல் குவியலாக வரும் சிறு கண்ணாடி மணிகளில், இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் வகையும் உண்டு. கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கிச் செய்யும் முறை அது. அதன் பழைய பட்டறைகளில் ஒன்று புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இருந்தது. கியோங்ஜு மணிகள் அங்கே செய்தவை என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தக் கைவேலை தென்கிழக்காசியப் பட்டறைகளுக்குப் பரவி, அங்கிருந்து வந்த சரக்கு கொரியா வரை போயிருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் இந்த மேட்டைக் கடக்கக் கூடாது. ஹ்வாங்னாம் தேச்சொங்கின் தெற்கு மேடு ஆணுடையது. அதில் அவரோடு பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணின் எலும்புகளும் இருந்தன. அரசனோடு உடன்புதைக்கப்பட்டவள் என்றே கருதுகிறார்கள். மன்னர் இறந்தால் ஆண்கள் ஐவரையும் பெண்கள் ஐவரையும் சேர்த்துப் புதைக்கும் வழக்கத்தை 502இல் சிஜுங் என்ற மன்னர் தடை செய்தார் என்று ‘சம்குக் சாகி’ பதிவு செய்கிறது. 1145இல் எழுதி முடித்த நூல் அது. தங்கத்தைப் பார்த்து வியக்கும் கண்ணுக்கு அந்தப் பெண்ணும் தெரிய வேண்டும்.

இந்த மேடுகளை முதலில் தோண்டியவர்கள் கொரியர்கள் அல்லர், 1910 முதல் நாட்டை ஆண்ட ஜப்பானியர்கள். 1921இல் ஊருக்குள் ஒரு வீட்டை விரிவாக்கத் தோண்டியபோது, தற்செயலாக முதல் பொற்கிரீடம் வெளிப்பட்டது. தொல்லியல் பயிற்சி இல்லாதவர்கள் நான்கே நாளில் கல்லறையைக் காலி செய்தார்கள். எது எங்கே எப்படிக் கிடந்தது என்ற விவரம் அதோடு போயிற்று. கிடைத்தவற்றைச் சியோலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கியோங்ஜு மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஊரிலேயே காட்சிக்கூடம் எழுந்ததற்கு அந்த எதிர்ப்பே காரணம். 1926இல் இன்னொரு மேட்டைத் தோண்டினார்கள். ரயில்வே பணிக்கு மண்ணும் கல்லும் தேவைப்பட்டதே அந்த அகழாய்வின் தொடக்கம். அப்போது வந்திருந்த ஸ்வீடன் பட்டத்து இளவரசர் குஸ்டாஃப் அடால்ஃப் கிரீடம் எடுப்பதில் கலந்துகொண்டார். அதே கிரீடம் 1935இல் பியோங்யாங்கில் கண்காட்சிக்குப் போனது. கண்காட்சி முடிந்ததும் நடந்த விருந்தில், அங்கிருந்த அருங்காட்சியகத்தின் ஜப்பானியத் தலைவர் ஒரு கிசேங் நடனப்பெண்ணின் தலையில் அதை வைத்துப் படம் எடுக்கச் செய்தார். மறு ஆண்டு அந்தப் படம் செய்தித்தாளில் வந்தபோது கொரியர்கள் கொந்தளித்தார்கள். கொரியர்களே பொறுப்பேற்று நடத்திய முதல் அகழாய்வுக்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் இதே கியோங்ஜுவில்தான் நடந்தது. அந்தக் கல்லறையில் கோகுர்யோ மன்னர் குவாங்கேதோவின் பெயரும் 415ஆம் ஆண்டும் பொறித்த வெண்கலக் கிண்ணம் கிடைத்தது. பகை நாட்டின் கிண்ணம், சில்லாப் பிரபுவின் கல்லறையில்.

மேடுகளை விட்டுத் தெற்கே கொஞ்சம் நடந்தால், வெட்டவெளியில் சொம்சொங்தே நிற்கிறது. சுமார் 9 மீட்டர் உயரக் கல் கோபுரம். 27 அடுக்குக் கற்கள், தெற்கே பார்த்த ஒரு சதுரச் சாளரம், உச்சியில் சதுரச் சட்டம். அரசி சொந்தொக் காலத்தில், அதாவது 632க்கும் 647க்கும் இடையில் எழுந்தது. வானத்தைப் பார்க்கக் கட்டியது என்பது பொதுவான கருத்து. வழிபாட்டு மேடை என்பாரும் உண்டு. 2016 செப்டம்பரில் 5.8 அளவு நிலநடுக்கம் கியோங்ஜுவை உலுக்கியபோது கோபுரம் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் நின்றுவிட்டது.

சொந்தொக் கொரிய வரலாற்றின் முதல் அரசி. ஆட்சி அவருக்கு வந்ததற்குக் காரணம் சில்லாவின் எலும்புப் படிநிலை. பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த முறை அது. உச்சியில் புனித எலும்பு, அடுத்து உண்மை எலும்பு, அதற்குக் கீழே தலைப்படிகள். எந்தப் பதவி வரை ஏறலாம், எவ்வளவு பெரிய வீடு கட்டலாம், எந்தத் துணி உடுத்தலாம் என்பதெல்லாம் பிறந்தவுடனேயே முடிவாகிவிடும். புனித எலும்பில் ஆண் வாரிசு இல்லாமல் போகவே அரியணை சொந்தொக்குக்கு வந்தது.

வந்த நேரம் நல்ல நேரமல்ல. 642இல் பெக்ஜே படையெடுத்து நாற்பது கோட்டைகளுக்கு மேல் பிடித்துக்கொண்டது. உதவி கேட்டுச் சீனத் தாங் பேரரசுக்குத் தூது அனுப்பினார் அரசி. பெண் ஆள்வதால்தான் அண்டை நாடுகள் உங்களை மதிப்பதில்லை, என் உறவினன் ஒருவனை மன்னனாக அனுப்பட்டுமா என்ற கருத்தில் பதில் சொன்னார் பேரரசர் தைசோங். அதே வாதம் உள்ளூரிலும் எழுந்தது. 647இல் பீதாம் என்ற பிரபு, பெண்ணால் ஆள முடியாது என்று சொல்லிக் கிளர்ந்தான். அரசியின் முகாம் பக்கம் ஒரு நட்சத்திரம் விழ, வீரர்கள் அபசகுனம் என்று நடுங்கினார்கள். தளபதி கிம் யூ-சின் ஒரு பொம்மைக்குத் தீ வைத்துப் பட்டத்தில் கட்டி இரவில் பறக்கவிட்டார். விழுந்த நட்சத்திரம் மறுபடி வானம் ஏறிவிட்டது என்று செய்தி பரப்பினார். கிளர்ச்சி அடங்கியது. ஆனால் அந்த நாள்களிலேயே அரசி இறந்துபோனார். வானத்தைப் பார்க்கும் கோபுரம் கட்டிய ஆட்சி, விழுந்த நட்சத்திரம் ஒன்றோடு முடிந்தது. இந்தக் கிம் யூ-சின் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 532இல் சில்லாவிடம் சரணடைந்த கயா நாட்டு அரச குடும்பத்தின் வழிவந்தவர். தோற்ற நாட்டின் பேரன்தான் பின்னாளில் மூன்று நாடுகளையும் இணைத்த போர்களை நடத்தினார்.

அரண்மனை இருந்த வொல்சொங் குன்று பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது கட்டடம் எதுவும் இல்லை, மரங்களும் புல்வெளியும்தான். இங்கே நடக்கும் அகழாய்வு 2017இல் இரண்டு செய்திகளைத் தந்தது. மேற்கு மதிலுக்கு அடியில் இரண்டு மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. மதில் நிலைக்கப் பலி கொடுத்தவர்கள் என்று கருதுகிறார்கள். அகழியில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு மண்பொம்மை ஒன்று கிடைத்தது; தலையில் தலைப்பாகை, உடம்பில் முழங்காலுக்குக் கீழ் இறங்கும் அங்கி. மத்திய ஆசியாவின் சோக்தியர் ஒருவரைப் பார்த்துச் செய்திருக்க வேண்டும். அந்த மனிதர் இந்தத் தெருக்களில் நடந்திருக்கலாம்.

குன்றிலிருந்து வடகிழக்கே போனால் பெரிய வெட்டவெளி. ஹ்வாங்யொங்சா கோயில் இருந்த இடம். 553இல் சின்ஹுங் மன்னர் தொடங்கிய கோயில் இது. மேலே எதுவும் இல்லை. அடிக்கற்கள் மட்டும் வரிசை வரிசையாகப் புல்லில் கிடக்கின்றன. ஒரு மேடையில் வரிசைக்கு எட்டாக 64 கற்கள். நடுவில் மையத்தூணைத் தாங்கிய பெருங்கல். இந்தக் கற்களின் மேல்தான் 645இல், சொந்தொக் அரசியின் ஆட்சியில், சுமார் 80 மீட்டர் உயர மரக்கோபுரம் எழுந்தது. ஒன்பது அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் ஒரு பகை நாட்டை அடக்குவதற்கு என்று நம்பினார்கள். ஆனால் அவ்வளவு பெரிய கோபுரம் கட்டத் தெரிந்தவர் சில்லாவில் இல்லை. எனவே பொன்னும் பட்டும் அனுப்பிப் பகை நாடான பெக்ஜேயிலிருந்தே அபிஜி என்ற சிற்பியை அழைத்தார்கள். மையத்தூணை நட்ட நாளில் தன் நாடு அழிவதாக அபிஜி கனவு கண்டார், வேலையை நிறுத்தினார், பிறகு மனம் மாறி முடித்துக் கொடுத்தார் என்கிறது ‘சம்குக் யூசா’. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரியொன் என்ற துறவி தொகுத்த நூல் அது. பெக்ஜே 660இல் அழிந்தது.

இதே கோயிலின் பெரிய புத்தர் சிலைக்கும் ஒரு கதை உண்டு. இந்தியாவில் அசோகர் சிலை வார்க்க முயன்று முடியாமல், இரும்பையும் பொன்னையும் ஒரு கப்பலில் ஏற்றி, தகுந்த நாட்டில் இது சிலையாகட்டும் என்று கடலில் விட்டாராம். கப்பல் பல நாடுகள் சுற்றிக் கடைசியில் சில்லாவின் கரையில் ஒதுங்கியதாம். அசோகருக்கும் இந்தக் கோயிலுக்கும் நடுவே எண்ணூறு ஆண்டுகள். நடந்திருக்க முடியாது. ஆனால் ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த கதை எது என்று பாருங்கள். தொலைவிலிருந்து வந்தது எங்களிடம் முழுமை பெற்றது என்று சொல்வதில் சில்லாவுக்குப் பெருமை இருந்தது. 1238இல் மங்கோலியப் படை கோபுரத்தையும் கோயிலையும் எரித்தது.

பிற்பகலில் தோஹாம் மலைக்குப் போய்விட வேண்டும். போகும் வழிக்கு, சிவப்புப் பயற்றம் பூரணம் வைத்த ஹ்வாங்னாம் ரொட்டி வாங்கிக்கொள்ளலாம். 1939இலிருந்து இந்த ஊரில் சுடுகிறார்கள்.

அடிவாரத்தில் புல்குக்சா, மேலே சொக்குராம் குகைக்கோயில். இரண்டையும் 751இல் தொடங்கியவர் கிம் தே-சொங் என்ற அமைச்சர். இந்தப் பிறவிப் பெற்றோருக்குக் கீழே இருப்பதையும், முற்பிறவிப் பெற்றோருக்கு மேலே இருப்பதையும் கட்டினார் என்பது மரபு. புல்குக்சாவின் மரக்கட்டடங்களை 1593இல் ஜப்பானியப் படையெடுப்பு எரித்தது. இன்று நிற்பவை பின்னர் எழுப்பியவை. கல் மட்டும் எட்டாம் நூற்றாண்டுக் கல். முற்றத்தில் எதிரெதிரே இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. தபோதாப் நுணுக்கமான வேலைப்பாடு கொண்டது. அதைக் கொரியாவின் 10 வொன் நாணயத்தில் பார்க்கலாம். அதன் மேடையில் நான்கு சிங்கங்கள் இருந்தன, மிஞ்சியது ஒன்று. சொக்காதாப் எளிமையானது. 1966இல் திருடர்கள் அதைப் பெயர்க்க முயன்று சேதப்படுத்தினார்கள். சீரமைக்கப் பிரித்தபோது, உள்ளிருந்து ஒரு தாரணி சூத்திரச் சுருள் வந்தது. கோபுரம் கட்டிய காலத்தில் உள்ளே வைத்ததாகக் கொள்கிறார்கள். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக்கட்டை அச்சுப் பிரதிகளில் அது முதல் வரிசையில் நிற்கிறது.

சொக்குராமில் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். பாறையைக் குடைந்த குகை அல்ல அது. கருங்கற்களைச் செதுக்கி அடுக்கி, மேலே வட்டக் கூரை அமைத்து, மண் மூடிச் செய்த குகை. இந்தியாவில் அஜந்தாவைப்போல் மலையைக் குடைந்தார்கள். கொரியாவின் கருங்கல் குடைவதற்கு இணங்காது. ஆகவே குகையையே கட்டினார்கள். உள்ளே சுமார் 3.5 மீட்டர் உயரத்தில் புத்தர், பூமியைச் சாட்சியாகத் தொட்ட கையோடு, கிழக்குக் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். சீனத் துறவி யுவான் சுவாங், புத்தகயையின் மகாபோதிக் கோயிலில் கண்ட புத்தர் சிலையின் உயரம், தோள் அகலம், முழங்கால் அகலம் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறார். சொக்குராம் புத்தரின் அளவுகள் அவற்றோடு பொருந்துகின்றன என்று கொரியக் கலை வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஞானம் பெற்ற இடத்தின் சிலையை, எழுதிய அளவை வைத்தே இங்கே மறுபடி வடித்திருக்கிறார்கள்.

அந்த நூற்றாண்டில் சில்லாவுக்கு இந்தியா வெறும் நூற்செய்தி அல்ல. ஹ்யேச்சோ என்ற சில்லாத் துறவி கடல்வழியே இந்தியா வந்து, பல பகுதிகளைச் சுற்றி, மத்திய ஆசியா வழியாக 727இல் குச்சா நகரத்தை அடைந்தார். அவர் எழுதிய பயண நூலின் ஒரு பகுதி 1908இல் துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. அவருடைய குரு வஜ்ரபோதி தென்னிந்தியர். பல்லவ மன்னரின் ஆதரவு பெற்று, காஞ்சியோடு தொடர்பு கொண்டிருந்து, கடல்வழியாகச் சீனம் போனவர். காஞ்சிக்கும் கியோங்ஜுவுக்கும் நடுவே இப்படி இருவர் நிற்கிறார்கள். தமிழில் இவர்கள் பெயர் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும்.

1913 முதல் 1915 வரை ஜப்பானிய அரசு சொக்குராமைப் பழுதுபார்த்தது. கோயிலைப் பிரித்து, வெளிப்புறத்தை சிமென்ட் கான்கிரீட்டால் மூடியது. அதன்பின் உள்ளே ஈரம் கசியத் தொடங்கியது. 1960களின் சீரமைப்பும் அதை முழுதாகத் தீர்க்கவில்லை. கண்ணாடியும் காற்றைக் கட்டுப்படுத்தும் இயந்திரமும் அதனால் வந்தவை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தானாக மூச்சுவிட்ட கட்டடம் அது. அதைப் புரிந்துகொள்ளாமல் கைவைத்ததன் விலையை இன்றைய தலைமுறை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். கடைசியாக வொல்ஜி குளம். 668இல் கோகுர்யோவும் வீழ்ந்த பின், சில்லாவுக்கும் அதன் நட்பு நாடான தாங் பேரரசுக்கும் போர் மூண்டது. சில்லா தாங் படையை 676இல் தீபகற்பத்தை விட்டே விரட்டியது. அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 674இல், முன்மு மன்னர் இந்தக் குளத்தை வெட்டினார். அந்நியரை அழைத்து வந்து உடன்பிறந்தாரை வீழ்த்தியவர்கள் என்ற குற்றச்சாட்டு கொரியாவில் சில்லா மீது இன்றும் உண்டு. அழைத்தது உண்மை, திருப்பி அனுப்பியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

1975இல் குளத்தைத் தூர்வாரியபோது சேற்றுக்குள்ளிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் வந்தன. அவற்றில் பொன்முலாம் பூசிய, மெழுகுவர்த்தித் திரி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று. சென்ற வாரம் நாராவின் ஷோசோயின் கருவூலத்தைப் பற்றிப் படித்தோமே, அங்கே இதே வகைக் கத்தரிக்கோல் இருக்கிறது. இன்னொன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் பதினான்கு முக மரப் பகடை. ஆறு முகம் சதுரம், எட்டு முகம் அறுகோணம். ஒவ்வொன்றிலும் விருந்தில் தோற்றவருக்கான தண்டனை எழுதியிருந்தது. மூன்று கிண்ணத்தை ஒரே மூச்சில் குடி, பாட்டில்லாமல் ஆடு, எல்லாரும் உன் மூக்கில் அடிப்பார்கள், முகத்தைக் கூசவைத்தாலும் அசையாமல் இரு. ஆயிரம் ஆண்டுக்கு மேல் சேற்றில் கெடாமல் இருந்த அந்தப் பகடை, பாதுகாப்பதற்காக உலர்த்தும் கருவியில் வைத்தபோது எரிந்துபோனது. இப்போது இருப்பது நகல்.

அரண்மனை இப்படி ஆடிக்கொண்டிருந்த நாட்டில், பிறப்புப் படிநிலை மட்டும் அசையவில்லை. சொய் சி-வொன் என்பவரின் கதை ஒன்று போதும். பன்னிரண்டு வயதில் தாங் நாட்டுக்குப் படிக்கப் போனார். 874இல், பதினெட்டு வயதில், அங்கே அந்நியருக்கான அரசுத் தேர்வில் தேறினார். சீனத்தில் அதிகாரியாகவும் எழுத்தாளராகவும் பெயர் பெற்று 885இல் ஊர் திரும்பினார். ஆனால் அவர் ஆறாம் தலைப்படியில் பிறந்தவர். வரிக்கொடுமையால் 889இலிருந்து நாடெங்கும் கலகம் வெடித்தது. நாட்டைக் காக்கப் பத்துச் சீர்திருத்தங்களை எழுதி 894இல் அரசி சின்சொங்கிடம் கொடுத்தார். அரசி பாராட்டி, அவர் படிக்கு எட்டக்கூடிய உச்சப் பட்டத்தைத் தந்தார். சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வரவில்லை; எலும்பில் உயர்ந்தவர்கள் விடவில்லை. மனம் வெறுத்துப் பதவியை விட்டுவிட்டு மலைகளில் அலைந்தார் அவர். பெக்ஜேக்காரரைக் கொண்டு கோபுரம் கட்டி, கயாக்காரரைத் தளபதியாக்கி, ரோமானியக் குடுவைக்குப் பொற்கம்பி சுற்றி வளர்ந்த நாடு, தன் மண்ணில் பிறந்த அறிஞருக்குக் கதவைச் சாத்தியது. சில்லாவின் வீழ்ச்சிக்குப் பல காரணங்களை அடுக்கலாம். எனக்கு இதுதான் முதலில் நிற்கிறது. சின்முன் மன்னரை 689இல் நகரவிடாத அதே பிரபு வர்க்கம், இருநூறு ஆண்டு கழித்து நாட்டையே நகரவிடவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாடு மறுபடி மூன்றாக உடைந்தது: சில்லா, பிற்கால பெக்ஜே, கோர்யோ. 927இல் பிற்கால பெக்ஜேயின் கியொன் ஹ்வொன் தலைநகருக்குள் புகுந்தார். போசொக்ஜொங் என்ற இடத்தில் இருந்த சில்லாவின் கியோங்யே மன்னர் உயிரிழந்தார். கியொன் ஹ்வொனே அரியணையில் அமர்த்திய கியோங்சுன்தான் கடைசி மன்னர். 931இல் கோர்யோவின் வாங் கொன் ஐம்பது குதிரைவீரர்களோடு மட்டும் கியோங்ஜுவுக்கு வந்தார். இந்தக் குளக்கரை மண்டபத்தில் அவருக்கு விருந்து வைத்த கியோங்சுன், நாட்டின் நிலையைச் சொல்லி அழுதார் என்று ‘சம்குக் சாகி’ எழுதுகிறது. 935இல் அவர் நாட்டை வாங் கொன்னிடம் ஒப்படைத்தார். பட்டத்து இளவரசர் அதை ஏற்காமல், சணல் ஆடை உடுத்திக் கும்காங் மலைக்குப் போய்விட்டார். சரணடையப் புறப்பட்ட மன்னரின் வண்டிகளும் குதிரைகளும் முப்பது லீ தொலைவுக்கு மேல் நீண்டனவாம்.

கியோங்சுன் திரும்பி வரவே இல்லை. சில்லா மன்னர்களில் கியோங்ஜு வட்டாரத்துக்கு வெளியே கல்லறை உள்ளவர் அவர் ஒருவர்தான். அது வடக்கே யொன்சொன்னில், இன்றைய இரு கொரியாக்களின் எல்லைக்கு அருகே இருக்கிறது. அதன் கல்வெட்டில் 1950களின் போரில் பட்ட துப்பாக்கிக் குண்டுத் தழும்புகள் இருக்கின்றன. அவர் சரணடையச் சென்ற ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், வடகொரியாவில். கோர்யோவின் தலைநகரான அந்தக் கேசொங்குக்கு அடுத்த வாரம் போவோம்.